ஓதத்தின் நேரமும் விடுப்பின் நேரமும்

புணேயின் ஹடப்சர் பகுதியில் விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 400 ஏக்கரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி எழுப்பிய நகரியம் மகர்பட்டா. இன்று அதன் மென்பொருள் வளாகங்களில் தமிழ்க் குரல்களைத் தாராளமாகக் கேட்கலாம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை விடியற்காலையில் அங்கிருந்து ராஜ்கட், தோர்ணா, ஹரிஷ்சந்திரகட், கல்சுபாய் என்று சஹ்யாத்ரி மலைகளை நோக்கி இளைஞர் கூட்டம் கிளம்பிவிடும். நல்ல பழக்கம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், நாலைந்து ஆண்டுகள் மலையேறியவர்களின் கண் அடுத்து அந்தமான் பக்கம் திரும்புகிறது. யாரும் போகாத தீவுக் கரையில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு நாலைந்து நாள் நடப்பது என்ற ஆசை அது. மேடு பள்ளம் இல்லாத மணல்தானே, மலையை விட எளிதாகத்தான் இருக்கும் என்ற கணக்கு அந்த ஆசைக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கணக்கு தவறு. தீவுக்கரை நடைக்கு உடலையும் பையையும் ஆயத்தம் செய்வது இரண்டாவது வேலை. முதலில் ஆயத்தம் செய்யவேண்டியது நேரத்தை. எந்த மாதம், எந்தத் திதி, எந்த மணி, திரும்பி வர எத்தனை நாள் கையில் உண்டு என்பவைதான் அங்கே உயிரைக் காப்பவை. மலையில் கிடைத்த தன்னம்பிக்கை இவற்றைக் கற்றுத்தருவதில்லை. பல நேரங்களில் மறைத்துவிடவும் செய்கிறது.

உடலைப் பற்றிய செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரே வேகத்தில் நடந்தாலும் கெட்டித் தரையைவிட உலர்ந்த மணலில் நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் செலவாகிறது என்று அளந்து காட்டியது. ஒவ்வொரு அடியும் மணலைத் தள்ளி நகர்த்துவதில் வீணாகிறது. அதோடு புணேயின் உலர்ந்த குளிர்காலத்தில் பழகிய உடம்பு, வியர்வை காயாத தீவுக் காற்றுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் கேட்கும். ஆகவே மலையில் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் நடப்பவர் தீவுக்கரையில் பாதி தொலைவைத் திட்டமிடுவதே சரி. அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கெட்டியாக இருக்கும். அதில் நடந்தால் சிரமம் பெருமளவு குறையும். ஆனால் அந்த ஈர மணல் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. இங்கேதான் கடலின் நேரம் குறுக்கே வருகிறது.

ஓதம் என்பது தமிழ்நாட்டுக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட அனுபவத்தில் பெரிதாகத் தெரியாத ஒன்று. சென்னையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மெரினாவில் மாலையில் அமர்ந்திருப்பவர் கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்கத் தேவையே இல்லை. போர்ட் பிளேரில் அது ஏறத்தாழ 2 மீட்டர். மும்பையில் 4 மீட்டரையும் தாண்டும். 2 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஐம்பது அடி நடந்தால் ஒரு அடி உயரும் சரிவான கரையில் 2 மீட்டர் ஏற்றம் என்பது நூறு மீட்டர் அகல மணலை விழுங்கிவிடும். காட்டின் வேர்கள் கடலைத் தொடும் இடங்களில் நடக்கும் பாதையே இல்லாமல் போய்விடும். அந்த ஏற்றமும் சீராக நடப்பதில்லை. ஆறு மணி நேரத்தில் கடல் ஏறுகிறது என்றால் முதல் மணி நேரத்தில் ஏறுவது மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் சரிபாதி ஏறிவிடும். நீர் மெதுவாகத்தானே வருகிறது என்று முதல் மணி நேரத்தைப் பார்த்துவிட்டுப் பாறை முனை ஒன்றைச் சுற்ற இறங்குகிறவர், பாதி வழியில் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் திரும்ப முடியாமல் நிற்பது இப்படித்தான். மலையில் தாமதமானால் இருட்டில் நடக்க நேரும், அவ்வளவுதான். இங்கே தாமதமானால் வழியே காணாமல் போகும்.

பல நாள் நடையில் இது இன்னும் சிக்கலாகிறது. சந்திரனைப் பின்தொடரும் ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. முதல் நாள் காலை 7 மணிக்கு நீர் முழுதும் வற்றினால், ஐந்தாம் நாள் அது 10 மணியைத் தாண்டிவிடும். முதல் நாள் காலை வெயில் ஏறுமுன் ஈர மணலில் சுகமாக நடந்தவர்கள், ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் நடக்கவேண்டும், அல்லது இளகிய மணலில் கால் புதைய நடக்கவேண்டும். திதியும் கணக்கில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக உயரமாக ஏறும், மிக ஆழமாக வற்றும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறைவு. பௌர்ணமி வற்றத்தில் கால் நனையாமல் கடந்த ஒரு பாறை முனை, ஒரு வாரம் கழித்து அஷ்டமி வற்றத்தில் திறக்காமலே போகலாம், ஏனென்றால் அன்று நீர் அவ்வளவு கீழே இறங்காது. போகும்போது கடந்த வழி திரும்பும்போதும் இருக்கும் என்ற மலைக்காரரின் நம்பிக்கை இங்கே செல்லாது. இன்னொன்று: நிலவொளியில் கடற்கரைக் கூடாரம் என்ற ஆசையால் பலரும் பௌர்ணமியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இரவு ஏற்றம் மாதத்திலேயே மிக உயரத்தைத் தொடும் நாட்கள் அவை. மாலையில் உலர்ந்து கிடந்த இடத்தை நம்பிக் கூடாரம் அடித்தால் நள்ளிரவில் நீர் அதன் கீழ் வரும். சருகும் சிப்பியும் ஒதுங்கிய கோடுகளில் எது பழையது, எது நேற்றையது என்று பார்த்துப் படிக்கத் தெரியவேண்டும். புணேயில் எந்த மலையேற்றக் குழு இதைக் கற்றுத்தருகிறது?

சூரியனின் நேரமும் ஏமாற்றும். புணேயும் அந்தமானும் ஒரே இந்திய நேரத்தில் இயங்கினாலும் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 19 பாகை நெடுக்கோட்டு வேறுபாடு உண்டு. ஜனவரியில் புணேயில் ஆறு மணிக்கு மேல் மறையும் சூரியன், போர்ட் பிளேரில் ஐந்து மணியைக் கடந்ததுமே மறைந்துவிடும். ஐந்தரை வரை நடக்கலாம் என்று பழக்க தோஷத்தில் திட்டமிடுகிறவர், இருட்டிய பின் கழிமுகம் ஒன்றின் ஓரத்தில் நிற்பார். தீவில் நிற்கவே கூடாத இடமும் வேளையும் அதுதான்.

காரணம், அங்குள்ள உவர்நீர் முதலைகள். அந்தமான், நிகோபார்த் தீவுகளின் கழிகளிலும் அலையாத்திக் காடுகளிலும் அவை வாழ்கின்றன. கடலில் நீந்தித் தீவு விட்டுத் தீவு போகின்றன. 2010 ஏப்ரலில், அன்று ஹேவ்லாக் என்றும் இன்று சுவராஜ் தீவு என்றும் வழங்கும் தீவில், ராதாநகர்க் கடற்கரையை ஒட்டி நீந்திக்கொண்டிருந்த அமெரிக்க இளம்பெண் ஒருவரை முதலை கொன்றது. சுற்றுலாப் பயணிகள் மிகுந்த கடற்கரை அது. ஆளரவமற்ற கரையில் எச்சரிக்கைப் பலகைகூட இருக்காது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நடப்பவர் நல்ல தண்ணீர் தேடிப் போவது ஓடைகள் கடலில் கலக்கும் அந்தக் கழிமுகங்களுக்குத்தான். முதலை காத்திருப்பதும் அங்கேதான். நீர் ஏறியிருக்கும் வேளையில் ஓடைநீர் உவர்ப்பாகிவிடும்; வற்றிய வேளையிலும் உவர்ப்பில்லாத நீர் வேண்டுமானால் காட்டுக்குள் மேலே போகவேண்டும். அலையாத்திகளுக்கு நடுவே தில்லை மரமும் இருக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பது பிச்சாவரத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போவதற்கில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் மூன்று நாளைக்குப் பதினைந்து கிலோ சுமை. இளகிய மணலில் அதைத் தூக்கி நடப்பது நடக்கிற காரியமல்ல. டுங்கி என்று தீவுக்காரர்கள் சொல்லும் சிறு விசைப்படகை அமர்த்தி, குறித்த இடங்களில் குடிநீரை இறக்கி வைப்பதுதான் வழி. அந்தப் படகு எப்போது கரையைத் தொடமுடியும் என்பதையும் ஓதமும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன. தண்ணீர், முதலை, படகு என்று எதைத் தொட்டாலும் கடலின் நேரத்தில்தான் வந்து நிற்கிறோம்.

இந்த நேரத்தோடு நேரடியாக மோதுவது எது என்றால், மகர்பட்டாவின் விடுப்பு நேரம். ஒன்பது நாள் கிடைக்கும்; அதில் விமானம், கப்பல், நடை எல்லாம் அடங்கவேண்டும்; திரும்பும் பயணச்சீட்டு மாதங்களுக்கு முன்பே வாங்கியாயிற்று. போர்ட் பிளேரிலிருந்து பெரிய நிகோபாரின் கேம்பெல் விரிகுடாவுக்குக் கப்பலில் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். காற்று எழுந்தால் கப்பல் கிளம்பாது. இப்படிப்பட்ட இடத்தில், நாளை மாலை படகைப் பிடித்தாகவேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்தான் நீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும்போது பாறை முனையைச் சுற்றத் துணிகிறார். அறிவில்லாதவர் என்பதால் இறங்குவதில்லை. நாள் இல்லாததால் இறங்குகிறார். குறித்த தேதியில் புறப்பட்டுக் குறித்த தேதியில் திரும்பும் தீவுக்கரை நடையை யார் விற்றாலும், அவர்கள் இந்த நெருக்கடியையும் சேர்த்தே விற்கிறார்கள் என்பது என் கருத்து. கடல் அறிந்தவர் உடன் இல்லாமல் அவசரத்தில் கடலில் இறங்குவதன் விலையைப் புணே ஏற்கெனவே அறியும். 2016 பிப்ரவரி 1 அன்று ராய்கட் மாவட்டத்து முருட் கடற்கரைக்கு ஒருநாள் சுற்றுலா போன புணேக் கல்லூரி மாணவர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் கடலில் மூழ்கி இறந்தார்கள். அது ஊர் இருக்கும் கரை. படகும் மீனவர்களும் அருகிலேயே இருந்த கரை.

வரைபடம் கையில் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தத் தீவுகளில் நிலமே இடம் மாறியிருக்கிறது. அளவில் 9-ஐத் தாண்டிய அந்த நிலநடுக்கத்தில் இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அங்கே போன சாலையின் பல பகுதிகளைக் கடல் கொண்டுபோனது. வடக்கே நடந்ததோ நேர்மாறு: வட அந்தமானின் மேற்குப் பகுதி உயர்ந்து, நீருக்கடியில் இருந்த பவளப்பாறைகள் வெளியே வந்து செத்தன. பழைய கரைகள் அழிந்து புதிய கரைகள் உருவாகின. ஆகவே பழைய பயணக் குறிப்பை நம்பிப் பாதை போடுவது ஆபத்து. அன்று எழுந்த சுனாமியில், பெரிய நிகோபாரின் கலாத்தியா விரிகுடாப் பக்கம் ஆய்வுக்காகத் தங்கியிருந்தவர்களும் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையத்தை நடத்துகிறது; உயர் அலை எச்சரிக்கைகளையும் வெளியிடுகிறது. அது பெரும் பணி. ஆனால் நிலநடுக்கத்தின் மையம் அருகில் இருந்தால் அலை சில நிமிடங்களில் வந்துவிடும். கைபேசி அலைவரிசை எட்டாத கரையில் எந்தச் செய்தியும் உதவாது. நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினால், கூடாரத்தையும் பையையும் விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறவேண்டும். ஒவ்வொரு இரவும் கூடாரம் அடிக்குமுன் அந்த மேடு எங்கே இருக்கிறது, அங்கே ஏறப் பாதை உண்டா என்று பகலிலேயே பார்த்து வைப்பதுதான் ஆயத்தம்.

கடலின் நேரத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து நடந்தவர் ஒருவர் நம் கண்ணெதிரே இருந்தார். சென்னை ஐஐடியில் படிக்க வந்து, கிண்டிப் பாம்புப் பண்ணையோடு நெருக்கமாகி, கடலாமைகளுக்காக வாழ்நாளைக் கொடுத்த சதீஷ் பாஸ்கர். 1970-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கரைகளிலும் தீவுகளிலும் அவர் நடந்து ஆய்வு செய்த தொலைவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களில்தான் சொல்லவேண்டும். பெரிய நிகோபாரில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடுவதை உலகம் அறிந்ததில் அவருடைய நடைக்கு முதன்மையான பங்கு உண்டு. 1982-இல் பேராமைகளைக் கவனிக்க லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலியில் தென்மேற்குப் பருவம் முழுவதும் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் எந்தப் படகும் அங்கே போகாது என்பதால் பருவம் தொடங்குமுன் இறங்கி, முடியும்வரை இருந்தாகவேண்டும் என்ற நிலை. அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ற உணவோடு போனார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிப் புட்டியில் இட்டுக் கடலில் விட்ட கடிதம் சில வாரங்களில் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதை அஞ்சலில் சேர்த்த செய்தி பலருக்கும் தெரியும். அந்தச் சாகசத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் எடுத்த முடிவுதான்: தன் வசதிக்குக் கடலை வளைக்க முடியாது, தன் நாட்களைத்தான் கடலுக்கு ஏற்ப வளைக்கமுடியும் என்று அவர் புறப்படுமுன்பே தீர்மானித்திருந்தார். 2023-இல் அவர் மறைந்தார். எல்லோரும் சதீஷ் பாஸ்கர் ஆகவேண்டியதில்லை. ஆனால் நாலு நாள் நடைக்குக்கூட அவர் எடுத்த அந்த முடிவு வேண்டும்.

நேரம் என்று சொல்லும்போது அந்தக் கரையில் வாழ்கிறவர்களின் நேரமும் அதில் அடங்கும். கடல் அடங்கி நடக்க ஏற்றதாக இருப்பது ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கலாத்தியா போன்ற கரைகளில் ஏழுவரி ஆமைகள் முட்டையிட ஏறும் பருவத்தில் பாதி அதே மாதங்களில் வருகிறது. இரவில் கரையில் விளக்கு வெளிச்சம் கண்டால் ஏறிவந்த ஆமை திரும்பிப் போய்விடும். குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும். அந்த விரிகுடாவின் சரணாலய அறிவிப்பையே 2021-இல் நீக்கிவிட்டு அரசு துறைமுகம் கட்டப்போகிறது, இதில் எங்கள் கூடாரமா ஆமையைக் கெடுக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. துறைமுகத் திட்டம் அந்தத் தீவுக்குப் பெருங்கேடு என்றே நானும் கருதுகிறேன். ஆனால், அந்தத் திட்டத்தை எதிர்க்கும் உரிமையைக் கோருகிறவர், அதே கரையில் தன் நெற்றி விளக்கை அணைத்துவைக்கும் கடமையையும் ஏற்றால்தான் அந்த எதிர்ப்பைப் பிறர் மதிப்பார்கள். மனிதர்களைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி பழங்குடிக் காப்பு நிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக்கூடாது. 2018 நவம்பரில் வட சென்டினல் தீவுக்கு அத்துமீறிப் போன அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்ததை உலகமே பேசியது. அந்த எல்லைகள் நம் பாதுகாப்புக்கு மட்டும் போடப்பட்டவையல்ல. வெளியாள் ஒருவரின் சளிக்காய்ச்சல்கூட அந்தப் பழங்குடிகளை அழித்துவிடும் என்பதால் போடப்பட்டவை. நிகோபாரியரின் ஊர்களில் கரையோரத்துத் தென்னைகள் துஹெத் எனப்படும் கூட்டுக்குடும்பங்களுக்கு உரியவை. கேட்பாரற்று நிற்கின்றன என்று இளநீர் பறிப்பது திருட்டு. அனுமதி வாங்க வாரங்கள் ஆகலாம்; அந்த வாரங்களையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும், மறுத்தால் போகாமல் இருக்கவும் தயாராக வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு: உள்ளூர்க்காரர்கள் எந்த அட்டவணையும் இல்லாமல் வெறுங்காலோடு நடக்கிறார்களே? மாயாபந்தர்ப் பக்கத்துக் கரேன் மக்களும், நிகோபாரியரும், நம் தமிழ் மீனவர்களும் அட்டவணை பார்ப்பதில்லை என்பது உண்மைதான். பல தலைமுறையாகக் கடலைப் பார்த்துவருவதால் அவர்களுக்கு அது தேவையில்லை. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்று எப்போது திரும்பும், எந்தத் திதியில் எந்தக் கழியைக் கடக்கலாம் என்பது அவர்களுக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, இன்று கடல் சரியில்லை என்றால் அவர்கள் போவதில்லை, நாளை போவார்கள். அவர்களிடம் நாம் கற்கவேண்டியது அந்த நாளைதான். இரண்டாவது மறுப்பு கருவிகளைப் பற்றியது. ஓத அட்டவணை கைபேசிச் செயலியில் வந்துவிடுகிறது, இடங்காட்டி இருக்கிறது, ஆபத்தென்றால் செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்பலாம் என்கிறார்கள். செயலி சொல்வது அருகிலுள்ள துறைமுகத்தின் கணிப்பு. பாறை முனையில் மோதும் அலையையும், மழையால் பெருகிய ஓடையையும் அது அறியாது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை அரசின் முன்அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். அப்படிக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லைப் பாதுகாப்பு நோக்கில் கூர்ந்து கவனிக்கப்படும் ஒரு தீவுக்கூட்டத்தில் அதை மறைத்துக் கொண்டுபோகச் சொல்ல முடியாது. அழைத்தால் உடனே உதவி வராது என்ற உண்மையை வைத்துத்தான் திட்டமிடவேண்டும்: எந்தப் படகோட்டிக்கு நம் நாள் திட்டம் தெரியும், எந்த மணிக்குள் நாம் வராவிட்டால் அவர் யாரிடம் சொல்வார் என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

விதி, அனுமதி, வழிகாட்டி என்று அடுக்கினால் சாகசத்தில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் தடைசெய்வது அதிகாரிகளுக்கு எளிய வழி. அதனால் ஆட்கள் திருட்டுத்தனமாகப் போவதுதான் நடக்கும். தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், முதலில் வந்தது தடை. பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முறைப்படி திறந்து, அந்தந்த மலைகளின் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. எப்போது நடப்பது என்பதை நடப்பவரின் விடுப்பு தீர்மானிப்பதில்லை, காடு தீர்மானிக்கிறது. அந்தமான் நிர்வாகம் இதே முறையில், காப்பு நிலங்களையும் ஆமைக் கரைகளையும் தொடாத சில கரைப்பாதைகளைத் தேர்ந்து திறக்கலாம். ஓதத்தைப் பொறுத்து அன்றன்று பாதையைத் திறக்கும், மூடும் அதிகாரம் உள்ளூர் வழிகாட்டியிடம் இருக்கவேண்டும். பணம் கட்டிவிட்டோமே என்று அவரை வற்புறுத்த யாருக்கும் உரிமை இருக்கக்கூடாது.

புணேயின் மலையேற்றக் குழுக்களும் தம் பங்குக்குச் செய்யக்கூடியது உண்டு, அதற்குத் தீவுவரை போகவேண்டியதில்லை. சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அலிபாகில் குலாபா கோட்டை கடலுக்குள் நிற்கிறது. நீர் வற்றினால் நடந்து போகலாம். ஏறினால் வழி மூழ்கிவிடும். அமாவாசைக்கு ஒரு முறையும் அஷ்டமிக்கு ஒரு முறையும் ஆட்களை அழைத்துப்போய், கரையில் நாள் முழுதும் உட்காரவைத்து, மணிக்கு ஒரு முறை நீர் எங்கே நிற்கிறது என்று கோல் நட்டுக் குறிக்கச் சொன்னாலே போதும். பத்து மலை தராத பாடம் அதில் கிடைக்கும். கொங்கணத்துக் கழிகளில் மீனவர்களிடம் கேட்டு நடந்து பழகுவது அடுத்த படி. இந்தப் பயிற்சி இல்லாதவரை, அவர் எத்தனை கோட்டை ஏறியிருந்தாலும், தீவுக்கரை நடையில் சேர்ப்பதில்லை என்று குழுக்களே முடிவெடுக்கலாம்.

கடைசியாக ஒரு நியாயமான குறை: உதிரி நாட்கள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, இப்படிச் சொன்னால் நீண்ட விடுப்பு உள்ளவருக்கும் பணக்காரருக்கும் மட்டுமே தீவு என்று ஆகிவிடாதா? ஆகவேண்டியதில்லை. ஒன்பது நாள் விடுப்பில் ஐந்து நாள் நடையைத் திணிக்காமல், இரண்டு இரவு, மூன்று பகல் என்று நடையைச் சுருக்கி, மிஞ்சும் நாட்களில் இரண்டை எதற்கும் ஒதுக்காமல் வைத்தால் செலவும் கூடாது. அஷ்டமியை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தால் இரவு ஏற்றம் மட்டாக இருக்கும். அந்த வற்றத்திலும் திறந்திருக்கும் நீண்ட மணற்கரையாக, பாறை முனைகள் இல்லாததாகப் பாதை பார்த்துக்கொள்ளலாம். பயண நிறுவனங்கள் திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளும் வசதியை விலைக்குள்ளேயே சேர்க்கட்டும். நடை பாதியில் நின்றாலும் வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் முழுக் கூலி உண்டு என்று முதலிலேயே எழுதிக்கொடுக்கட்டும். அந்தக் கூலி உறுதியாக இருந்தால்தான், இன்று வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் தைரியம் வரும். அடுத்த பருவம் தொடங்குமுன், எந்தக் கரை திறந்தது, எது காப்பு நிலம், எந்தக் கழியில் முதலை உண்டு, எந்த மேடு ஏறத்தக்கது என்பவற்றை ஓத நேரங்களோடு ஒரே தாளில் தமிழிலும் மராத்தியிலும் வங்காளத்திலும் இந்தியிலும் அச்சிட்டு, போர்ட் பிளேர்த் துறைமுகத்தில் கப்பல் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க அந்தமான் நிர்வாகத்துக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.